நிலாப் படத்தில் இடது எது, வலது எது? இடவலம் புரண்ட விண்வெளிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஆள் உயரத்துக்குப் பூமியின் படம் ஒன்று தொங்கியது. 1972-இல் நிலாவுக்குப் போன அப்பல்லோ 17 வீரர்கள் எடுத்த, உலகமே அறிந்த படம். அழகாக அச்சிட்டிருந்தார்கள். ஆனால் மடகாஸ்கர் தீவு ஆப்பிரிக்காவுக்கு இடப்பக்கம் இருந்தது. அச்சிட்டவர், வாங்கியவர், மாட்டியவர், அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட நூற்றுக்கணக்கானவர்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. இத்தகைய படங்களை இனம் காண்பது எப்படி என்று அன்றிலிருந்து பலரும் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இடவலம் புரண்ட படம் என்றால் என்ன? தலைகீழாக அச்சான படமும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை எளிது. இடக்கால் செருப்பை எத்தனை சுற்றுச் சுற்றி வைத்தாலும் அது வலக்கால் செருப்பாகாது. படமும் அப்படித்தான். ஒரு படத்தைச் சுழற்றினால் அது சாயும், தலைகீழாகும். ஆனாலும் அதே படம்தான். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிட்டால் அது வேறு படம். எந்தப் பக்கம் சுழற்றினாலும் மூலத்துடன் பொருந்தாது.

அப்பல்லோ 8 வீரர் வில்லியம் ஆண்டர்ஸ் 1968 டிசம்பர் 24 அன்று நிலாவைச் சுற்றிக்கொண்டே எடுத்த பூமி உதயப் படம் நல்ல எடுத்துக்காட்டு. நிலாத் தரை கீழே, பூமி மேலே என்றுதான் அதை எங்கும் பார்க்கிறோம். வடக்கு மேலே இருக்கும்படி வைத்தால் நிலாத் தரை வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். பூமி அதற்கு இடப்பக்கம் இருக்கும். இரண்டில் எப்படி வைத்தாலும் பிழையில்லை, ஏனென்றால் அது வெறும் சுழற்சி. அப்பல்லோ 17-இன் பூமிப் படமும் தென்துருவம் மேலே இருக்கத்தான் எடுக்கப்பட்டது. நம் வசதிக்காகத் திருப்பி வெளியிட்டார்கள். அதுவும் பிழையல்ல. கண்காட்சி வாசலில் மடகாஸ்கர் இடம் மாறியதுதான் பிழை.

ஒரு எச்சரிக்கை: கணினியில் மேல் கீழாகப் புரட்டுவது என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தலைகீழாகச் சுழற்றுவதாக நினைத்துப் பலர் அழுத்திவிடுகிறார்கள். அது சுழற்சியும் கண்ணாடிப் புரட்டலும் சேர்ந்தது. படம் கெட்டுவிடும்.

டிஜிட்டல் காலத்தில் இது எப்படி நடக்கிறது?

விதை பெரும்பாலும் பிலிம் காலத்தில் விழுந்தது. பிலிம் ஒளி ஊடுருவும் பொருள். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் படம் தெரியும். பழைய ஸ்லைடு ஒன்று கிடைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். மறுபக்கம் மங்கலாக இருக்கும். சாய்வான ஒளியில் படத்தின் கோடுகள் மெல்லிய மேடு பள்ளமாகக்கூடத் தெரியும். அந்த மங்கல் பக்கம்தான் எமல்ஷன், அதாவது ஒளியை உணர்ந்து படத்தைப் பதிக்கும் பூச்சு. கேமராவிலிருந்து வந்த மூலப் பிலிமைப் பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் சரியாக இருக்கும். எமல்ஷன் பக்கத்திலிருந்து பார்த்தால் புரண்டிருக்கும். ஸ்கேனரில் ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் போதும். படம் தெளிவாகவே வரும், கருவியும் எச்சரிக்காது.

தெரிந்தே புரட்டுவதும் உண்டு. வீரர் பக்கத்துக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தால் உள்ளே பார்க்கும்படி பக்க வடிவமைப்பாளர் திருப்பிவிடுவார். பத்திரிகைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் இது. நடிகர் படத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. வரலாற்று ஆவணத்துக்கு இதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

அப்படியானால் எமல்ஷன் பக்கத்தைக் கவனித்து ஸ்கேன் செய்தால் பிழையே வராதே?

வரும். அனுபவம் உள்ளவர்களே சறுக்கும் இடம் இது. நாசாவின் மூலப் பிலிம்கள் ஹூஸ்டனில் பாதுகாப்பாக இருக்கின்றன. பத்திரிகைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போனவை நகல்கள், நகலின் நகல்கள். மூலத்தின் எமல்ஷனும் நகல் பிலிமின் எமல்ஷனும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ஒளி காட்டி நகல் எடுத்தால், அந்த நகலில் விதி நேர்மாறாகிவிடும். அதை எமல்ஷன் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இடவலம் சரியாக இருக்கும். அதிலிருந்து அதே முறையில் இன்னொரு நகல் எடுத்தால் விதி மீண்டும் மாறும். கையில் இருப்பது எத்தனையாவது தலைமுறை என்று தெரியாதவருக்கு எமல்ஷன் பக்கம் எதையும் சொல்லாது.

ஆனால் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் பதித்த எழுத்துகள் பிலிமின் ஓரத்தில் இருக்கும். தொட்டு எடுத்த நகலில் சில சமயம் இரண்டு வரிசை ஓர எழுத்துகள் தெரியும். ஒன்று நகல் பிலிமின் சொந்த எழுத்து, மற்றது மூலத்திலிருந்து படிந்த எழுத்து. ஒன்றை நேராகப் படிக்க முடிந்தால் மற்றது கண்ணாடி எழுத்தாக இருக்கும். மூலத்திலிருந்து படிந்த எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து நேராகத் தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் படத்துக்கும் சரியான பக்கம். ஸ்கேன் செய்பவர்கள் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள் என்பது என் தீராத வருத்தம். வெட்டப்படுவது படத்தின் பிறப்புச் சான்றிதழ்.

கையில் இருப்பது இணையத்தில் கிடைத்த படம் மட்டும்தான். முதலில் எதைப் பார்ப்பது?

எழுத்தைத் தேடுங்கள். வீரர்கள் நிலாவில் இறங்கிய நிலாக்கலத்தின் கீழ்ப்பகுதியில் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று எழுதியிருக்கும். ராக்கெட்டின் உடலில், பெயர்ப் பட்டையில், கருவிப் பலகையில் எழுத்து இருக்கும். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் ஒரே ஒரு எழுத்துகூடப் போதும். எல்லா எழுத்தும் உதவாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தின் ஏ, எச், ஐ, எம், ஓ, டி (T), யு, வி ஆகிய பெரிய எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். எஸ், என், ஈ, வயிறு தள்ளிய பி, ஆர் போன்றவை காட்டிக் கொடுத்துவிடும். நாசா என்ற சொல்லில் இரண்டு ஏ-க்களும் ஊமை. என் எழுத்தும் எஸ் எழுத்தும் சாட்சிகள்.

எழுத்து திரும்பியிருந்தால் படம் புரண்டது என்று உறுதியாகச் சொல்லலாமா?

எல்லா நேரமும் சொல்ல முடியாது. இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, விண்வெளி ஓடக் (ஸ்பேஸ் ஷட்டில்) காலத்து உடைகள். 1983 ஏப்ரலில் ஸ்டோரி மஸ்கிரேவும் டொனால்ட் பீட்டர்சனும் அந்த உடையில் முதன்முதலாக ஓடத்துக்கு வெளியே வந்தார்கள். அதன் மார்பில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. தலைக்கவசம் போட்டவரால் குனிந்து தன் மார்பைப் பார்க்க முடியாது. அதனால் மணிக்கட்டில் சிறு கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு அதில் பார்ப்பார்கள். கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பெட்டியின் எழுத்துகளைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். ரஷ்யர்களின் ஓர்லான் உடையிலும் இதே ஏற்பாடுதான். 1984 பிப்ரவரியில் புரூஸ் மக்கேண்ட்லெஸ் கயிறே இல்லாமல் விண்வெளியில் மிதந்தாரே, அந்தப் படம் உட்பட எந்தப் படத்திலும் மார்புப் பெட்டி எழுத்து திரும்பித்தான் இருக்க வேண்டும். அது நேராகப் படிக்கக் கிடைத்தால் அப்போதுதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இரண்டாவது, ரஷ்ய எழுத்துகள். யா என்று ஒலிக்கும் ரஷ்ய எழுத்து ஆங்கில ஆர் எழுத்தைத் திருப்பி வைத்ததுபோலவே இருக்கும். இ என்று ஒலிப்பது என் எழுத்தைத் திருப்பியதுபோல் இருக்கும். அந்த எழுத்தை அறியாதவர் சரியான படத்தையே புரண்டது என்று திருத்திவிடுவார். முதல் விண்வெளி வீரர் ககாரினின் வெள்ளைத் தலைக்கவசத்தில் இருக்கும் நான்கு எழுத்துகள் நல்ல உரைகல். ஆங்கிலக் கண்ணுக்கு அது மூன்று சி, கடைசியில் ஒரு பி என்று தெரியும். வயிறு தள்ளிய அந்த எழுத்து முதலில் வந்தால் படம் புரண்டிருக்கிறது.

அமெரிக்கக் கொடியில் நட்சத்திரக் கட்டம் வலப்பக்கம் இருந்தால்?

கொடி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிலாவில் நட்ட கொடி துணி. அதை முன்னாலிருந்தும் பார்க்கலாம், பின்னாலிருந்தும் பார்க்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் கம்பம் வலப்பக்கமும் நட்சத்திரக் கட்டம் அதை ஒட்டியும் தெரியும், அதில் தவறில்லை. நட்ட கொடியை வைத்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உடையில் தைத்த கொடி வேறு. ஜெமினி 4-இல் 1965 ஜூன் 3 அன்று வெளியே மிதந்த எட்வர்ட் ஒயிட்டின் உடையிலும், அப்பல்லோ நிலா உடைகளிலும் கொடி இடத் தோளில் இருக்கும். வீரர் நம்மை நோக்கி நின்றால் அது நமக்கு வலப்பக்கம். என் பட்டியலில் எழுத்துக்கு அடுத்த சாட்சி இதுதான். வெள்ளை உடையில் அந்தச் சிவப்பும் நீலமும் மங்கல் படத்திலும் தெரியும்.

ஆளை வைத்து வேறு என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறைய. ஆம்ஸ்ட்ராங்குடன் அப்பல்லோ 11-இல் நிலாவில் இறங்கிய ஆல்ட்ரின் நேராக நின்று நம்மைப் பார்க்கும் ஏஎஸ்11-40-5903 என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவில் எடுத்த படங்களில் இதைப்போல் பரவியது வேறில்லை. அவருடைய இடக்கை முழங்கையில் மடங்கியிருக்கிறது. அந்தக் கையுறையில்தான் அவர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் தைத்திருந்தது. கொடியும் அதே தோளில். ஆகவே மடங்கிய கையும் கொடியும் நம் வலப்பக்கம் இருக்க வேண்டும். நிலாக்கலத்தின் கால் படத்தின் வல ஓரத்தில் வர வேண்டும். மூன்றும் ஒன்றாக இடம் மாறினால் படம் புரண்டுவிட்டது.

இந்தப் படத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. மூலத்தில் அவர் தலைக்கு மேல் இடமே இல்லை. பொதுமக்களுக்கான பதிப்புகளில் கறுப்பு வானத்தைச் சேர்த்திருக்கிறார்கள். வானம் கூடுதலாக இருப்பதைப் பார்த்து இடவலமும் மாறியிருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

சல்யூட் இன்னொரு நல்ல அடையாளம். படையில் இருந்தவர்கள் வலக்கையால்தான் சல்யூட் வைப்பார்கள். அப்பல்லோ 16-இன் தளபதி ஜான் யங் 1972 ஏப்ரலில் நிலாத் தரையிலிருந்து எம்பிக் குதித்துக்கொண்டே கொடிக்குச் சல்யூட் வைக்கும் படத்தில் இடக்கை உயர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம்.

குழுப் படங்களில் விளக்கக் குறிப்பே உதவும். அப்பல்லோ 11 குழுவின் அதிகாரப்பூர்வப் படத்தில் இடமிருந்து ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின். முகங்களை அறிந்தவருக்கு வரிசை மாறியிருந்தால் உடனே தெரியும். ஆண்களின் சட்டையில் பொத்தான் எந்தப் பக்கம், கைக்கடிகாரத்தின் திருகு எந்தப் பக்கம் என்பவையும் துணை நிற்கும்.

நிலாப் படங்களில் தெரியும் கூட்டல் குறிகள் உதவுமா?

உதவாது. நிலாவில் வீரர்கள் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவுக்குள் பிலிமை ஒட்டி ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அதில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் 25 கூட்டல் குறிகள்; நடுவில் இருப்பது மட்டும் பெரியது. தூரங்களை அளக்க உதவும் அந்த அமைப்பு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறது. புரட்டினாலும் மாற்றம் தெரியாது.

ஆளே இல்லாமல் நிலாக்கலம் மட்டும் இருந்தால்?

நிலாக்கலத்தைப் பார்த்தால் இருபக்கமும் ஒத்ததுபோல் தோன்றும்; ஆனால் ஒத்ததல்ல. ஏணி இருக்கும் பக்கம்தான் அதன் முகம். உள்ளே தளபதி இடப்பக்கம் நிற்பார், நிலாக்கல ஓட்டுநர் வலப்பக்கம். தளபதியின் பக்கத்தில், ஏணியை ஒட்டிய அறையிலிருந்துதான் கருவிகள் வைத்த பலகை மடிந்து இறங்கும். வெளியே நின்று ஏணியை நேராகப் பார்ப்பவருக்கு அந்தப் பலகை ஏணியின் வலப்பக்கம் தெரிய வேண்டும். அப்பல்லோ 15 முதல் 17 வரை எடுத்துச் சென்ற நிலா ஊர்தி ஏணியின் மறுபக்க அறையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருப்பக்கூடிய தட்டு ஆன்டெனாவும் கலத்தின் வலப்பக்கம், அதாவது எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம்.

விண்வெளி ஓடத்துக்கு இரண்டு அடையாளம் போதும். வீரர்கள் ஏறும் வட்டக் கதவு ஓடத்தின் இடப்பக்கம். கனடா செய்து கொடுத்த இயந்திரக் கையும் சரக்கறையின் இட ஓரத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். இடமென்றால் ஓடத்துக்குள் முன்னோக்கி உட்கார்ந்தவரின் இடம்.

பூமிப் படங்களை எப்படிச் சோதிப்பது?

கடற்கரை தெரிந்தால் வேலை எளிது. பூகோளப் புத்தகத்தைத் திறந்தால் போதும். மேகம் மூடியிருந்தால் புயலைத் தேடுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், தெற்கே முள்ளின் திசையில் சுழலும். படத்தை எப்படிச் சாய்த்தாலும் இந்தச் சுழற்சி மாறாது. கண்ணாடிபோல் புரட்டினால் மட்டுமே மாறும். அதனால்தான் இது மிக நல்ல சோதனை. எந்த அரைக்கோளம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பல்லோ 17-இன் பூமிப் படத்தில் நமக்கு மிக நெருக்கமான ஒரு புயல் இருக்கிறது. 1972 டிசம்பர் 7 அன்று சுமார் 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதை எடுத்தார்கள். வடக்கை மேலே வைத்தால் ஆப்பிரிக்கா நடுவில், அரேபியா மேலே, மடகாஸ்கர் ஆப்பிரிக்காவுக்கு வலப்பக்கம், அண்டார்க்டிகா கீழே. இப்போது வல மேல் விளிம்புக்குப் போங்கள். பூமியின் வளைவை ஒட்டி வெண்மையான மேகச் சுருள் ஒன்று தெரியும். இரண்டு நாட்களுக்கு முன், டிசம்பர் 5 அன்று, தமிழ்நாட்டில் வெள்ளத்தையும் சூறைக்காற்றையும் கொண்டுவந்த புயல் அதுதான். கடலூர்ப் பக்கத்தில் அந்தப் புயலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்காட்சி வாசலில் தொங்கிய படத்தில் அந்தப் புயல் இட மேல் மூலையில் இருந்தது. தமிழ்நாட்டைக் கொண்டுபோய் அட்லாண்டிக் பக்கம் வைத்துவிட்டார்கள். அதைப் பொறுப்பாசிரியரிடம் காட்டியபோது அவர் படத்தை இறக்கவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இந்தப் படத்தில் உள்ள பிழையைக் கண்டுபிடியுங்கள் என்று எழுதினார். மாலைக்குள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

நிலாவை முழுதாக எடுத்த படங்களில்?

நம் பக்கம் திரும்பியிருக்கும் முகத்தில், வடக்கை மேலே வைத்தால், வல மேல் விளிம்பருகே மற்றவற்றுடன் ஒட்டாமல் தனியாக ஒரு கரும் வட்டம் இருக்கும். அதன் பெயர் மாரே கிரிசியம். ஒளிக்கதிர்கள் விரியும் டைக்கோ பள்ளம் தெற்கே, கீழே. கதிர் விரியும் பள்ளம் கீழே இருக்க, தனி வட்டம் இடப்பக்கம் வந்தால் படம் புரண்டது.

நம் ஊரிலிருந்து பார்க்கும் நிலாவை நினைவில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் வரும். முழு நிலா கிழக்கே எழும்போது நமக்கு அது படுத்த நிலையில் தெரியும். மாரே கிரிசியம் உச்சியில் இருக்கும். அது சுழற்சிதான். தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; கண் வைக்கும் குழாயை வளைக்கும் ஒற்றைக் கண்ணாடி இருந்தால் தொலைநோக்கியே இடவலத்தைப் புரட்டிக் காட்டும்.

பழைய நூல்களில் கிழக்கு மேற்கு என்று படித்தாலும் நின்று யோசியுங்கள். 1961 வரை நிலாவின் கிழக்கு, மேற்கு என்பவை நம் வானத்தின் திசைகளை ஒட்டிச் சொல்லப்பட்டன. நிலாவில் நிற்பவரின் திசைகளை ஒட்டி அவற்றைச் சர்வதேச வானியல் ஒன்றியம் அந்த ஆண்டு மாற்றியது. அதனால்தான் கிழக்குக் கடல் என்று பொருள்படும் மாரே ஓரியண்டாலே இன்று நிலாவின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. திசை மாறியது, பெயர் மாறவில்லை.

மறுபக்கத்தை யாருமே பார்த்ததில்லையே, முதல் படங்களைச் சரிபார்த்தது எப்படி?

நல்ல கேள்வி. சோவியத் லூனா 3 கலம் 1959 அக்டோபர் 7 அன்று 29 படங்கள் எடுத்தது. பிலிமைக் கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, வரிவரியாகப் படித்து வானொலி வழியே அனுப்பியது. அந்தப் படங்களில் மறுபக்கத்துடன் நமக்குத் தெரிந்த முகத்தின் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது. மாரே கிரிசியம் அதில் இருந்தது. தெரிந்த இடத்தை நங்கூரமாக வைத்துத் தெரியாத இடத்தை அளந்தார்கள். இங்கேயும் ஒரு பொறி உண்டு. லூனா 3 படத்தில் மாரே கிரிசியம் இடப்பக்கம் இருக்கும். பூமியிலிருந்து பார்த்துப் பழகியவர் புரண்டுவிட்டது என்பார். கலம் வேறு பக்கத்திலிருந்து பார்த்தது, படம் சரியானது.

கேமராவே புரட்டி எடுத்திருக்க வாய்ப்புண்டா?

உண்டு. கண்ணாடி வழியே எடுத்த எதுவும் புரளும். அப்பல்லோவின் 16 மில்லிமீட்டர் திரைப்படக் கேமராவுக்குச் செங்கோணத்தில் திருப்பும் கண்ணாடி ஒன்று துணைக்கருவியாக இருந்தது. அதை மாட்டி எடுத்த பிலிமில் காட்சி புரண்டுதான் பதிந்திருக்கும். அங்கே மூலப் பிலிமை அப்படியே காட்டினால்தான் தவறாகும். நிலாவில் இறங்கிய ஆளில்லாத சர்வேயர் கலங்களின் தொலைக்காட்சிக் கேமராவும் மேல்நோக்கி நின்று, சுழலும் கண்ணாடி வழியேதான் நிலாத் தரையைப் பார்த்தது.

வீரர்களின் பொன்முலாம் பூசிய முகக்கண்ணாடியில் தெரியும் காட்சியும் இப்படித்தான். ஆல்ட்ரின் முகத்தில் தெரியும் ஆம்ஸ்ட்ராங்கும் நிலாக்கலமும் பிம்பங்கள். அந்தப் பிம்பத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வெளியிடுபவர்கள் இடவலத்தை மாற்றினால் காட்சி சரியாக வரும். ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பல்லோ 11 தொலைக்காட்சிப் படம் முதலில் புரண்டு வந்ததாகச் சொல்கிறார்களே?

தலைகீழாக வந்தது. நான் முன்பு சொன்ன மடிப்புப் பலகையில் தொலைக்காட்சிக் கேமராவைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். ஹூஸ்டனிலிருந்து பேசிக்கொண்டிருந்தவர், பிற்காலத்தில் கயிறில்லாமல் மிதந்த அதே மக்கேண்ட்லெஸ், படம் வருகிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது என்று வீரர்களிடம் சொன்னார். தரைநிலையங்களில் அதற்கென்றே வைத்திருந்த சுவிட்சைப் போட்டுச் சரிசெய்தார்கள். மேல் கீழை மட்டும் மாற்றினால் ஆம்ஸ்ட்ராங் புரண்ட உலகில் இறங்கியிருப்பார். இடவலத்தையும் சேர்த்து மாற்றினால்தான் தலைகீழ்ப் படம் நேராகும்.

எது மிக உறுதியான சோதனை?

பக்கத்துப் படம். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன். நிலாவில் யாரும் ஒற்றைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பி, ஒன்றன் விளிம்பு மற்றதில் விழும்படி வரிசையாக எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் உண்டு. ஏஎஸ்11-40-5903 என்றால் அப்பல்லோ 11, 40-ஆம் பிலிம் பெட்டி, 5903-ஆம் படம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் திறந்து வைத்து ஒரே பாறை, ஒரே குன்று எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரு படம் மட்டும் புரண்டிருந்தால் அது வரிசையில் ஒட்டவே ஒட்டாது. 2015-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பல்லோ படங்கள் வெட்டப்படாமல் இணையத்தில் ஏற்றப்பட்டன. வீட்டிலிருந்தே ஒப்பிடலாம். 2009-இல் ஏவப்பட்ட எல்ஆர்ஓ என்ற நிலா சுற்றுக்கலம் தரையிறங்கிய இடங்களை மேலிருந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. அங்கே வீரர்கள் நடந்து போன பாதைகள்கூடத் தெரிகின்றன.

இடம் தெரிந்தால் நிழலும் கைகொடுக்கும். அப்பல்லோ நிலாக்கலங்கள் எல்லாம் அங்கே காலை வேளையில், சூரியன் கிழக்கே தாழ்வாக இருந்தபோது இறங்கின. நிழல் மேற்கே விழும்.

புரண்ட படங்கள் இருப்பதே பயணம் பொய் என்பதற்குச் சான்று என்கிறார்களே?

ஒரே காட்சி இரண்டு விதமாகக் கிடைக்கிறது, ஆகவே இரண்டு முறை அரங்கம் அமைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். ஒன்றைத் திருப்பி மற்றதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிழலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். இரண்டாவது முறை அமைத்த அரங்கில் மணல் துகள்வரை பொருந்தாது. இது பிலிமை மாற்றி வைத்ததன் விளைவு, அவ்வளவே.

பிழையைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

முதலில் படத்தின் எண்ணைத் தேடி எடுங்கள். பிறகு குறைந்தது இரண்டு சாட்சிகள் வையுங்கள்: ஒன்று படத்துக்குள்ளிருந்து, மற்றது பக்கத்துப் படத்திலிருந்து. அதன் பிறகு வெளியிட்டவருக்கு எழுதுங்கள். எண்ணும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் கடிதம் நான்கு வரிக்குமேல் போகாது. நான் எழுதியவற்றில் சுருக்கமானவைதான் பலன் தந்தன. நீங்களே திருத்தி வெளியிட்டால், இடவலம் திருத்தப்பட்டது என்று படத்துடன் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் அதையும் ஒருமுறை திருத்திவிடுவார்.

எந்தச் சோதனையாலும் முடிவு செய்ய முடியாத படம் உண்டா?

தனியாகப் பார்த்தால் உண்டு. ஆல்ட்ரினின் காலடித் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலணியின் அடிப்பகுதியில் குறுக்காக ஓடும் நேர்க்கோட்டு வரிகள் மட்டுமே. எழுத்தில்லை, கொடியில்லை, குன்றில்லை. அந்தப் படம் எத்தனையோ அட்டைகளில் எந்தெந்தப் பக்கமோ திரும்பி அச்சாகியிருக்கிறது. ஆனால் ஆல்ட்ரின் ஒழுங்காக வேலை செய்தவர். மண் எப்படி அமுங்குகிறது என்று பதிவு செய்வதற்காக, யாரும் மிதிக்காத தரையை முதலில் ஒரு படம் எடுத்தார். பிறகு மிதித்து, தடத்தை எடுத்தார். பிறகு காலணியும் தடமும் சேர்ந்து தெரியும்படி எடுத்தார். தடத்தைச் சுற்றிக் கிடக்கும் சின்னச் சின்னக் கற்கள் அந்தப் படங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் கல் தடத்துக்கு இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தெரிந்துவிடும்.